போரானும் நியூட்ரானும்: ஒரு புற்றுநோய் சோதனையின் கதை

சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தது 1932-ல். நான்கே வருடத்தில், 1936-ல், கார்டன் லோச்சர் என்ற அமெரிக்க இயற்பியலாளர் அதை வைத்துப் புற்றுநோயைக் கொல்ல ஒரு வழி சொன்னார். போரான்-10 அணு, வேகம் குறைந்த நியூட்ரானை விழுங்கினால் உடனே உடைந்து ஆல்பா துகளாகவும் லித்தியமாகவும் சிதறும். அவை பாயும் தூரம் ஏறக்குறைய ஒரு செல்லின் அகலம்தான். ஆகவே புற்று செல்லில் போரானைச் சேர்த்துவிட்டு நியூட்ரானைச் செலுத்தினால் அந்த செல் மட்டும் சாகும், பக்கத்து செல் பிழைக்கும். ஏட்டில் பார்த்தால் இதைவிட அழகான வைத்தியம் கிடையாது.

ஆனால் போரானைப் புற்று செல்லில் மட்டும் எப்படிச் சேர்ப்பது?

பாஸ்டனைச் சேர்ந்த மூளை அறுவை நிபுணர் வில்லியம் ஸ்வீட், நல்ல மூளையைவிட மூளைக்கட்டிக்குள் போரான் அதிகம் செல்கிறது என்று கண்டார். 1951-ல் நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் அணு உலையில் லீ ஃபார் என்ற மருத்துவருடன் சேர்ந்து சோதனை ஆரம்பமானது. வந்தவர்கள் எல்லோரும் வேறு வழியற்ற நோயாளிகள். அவர்களின் ரத்தநாளத்தில் ஏற்றப்பட்டது வெண்காரம். ஆம், நம் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் அதே வெண்காரம்தான்!

1959 முதல் 1961 வரை எம்.ஐ.டி. அணு உலையில் 18 பேருக்குச் சிகிச்சை நடந்தது. அந்த நியூட்ரான் ஆழமாகப் போகாது என்பதால் மண்டையோட்டைத் திறந்துவைத்துப் பாய்ச்சினார்கள். ஒருவர்கூட ஒரு வருடத்தைத் தாண்டவில்லை. கட்டியில் இருந்த போரான் ரத்தத்திலும் இருந்ததால் மூளையின் ரத்தக்குழாய்களே கருகின. பிரேதப் பரிசோதனை முடிவுகள் 1972-ல் அச்சில் வந்தன. சோதனை 1961-லேயே நிறுத்தப்பட்டிருந்தது.

இறந்தவர்களின் குடும்பத்தார் 1990களில் வழக்குப் போட்டார்கள். 1999-ல் ஜூரி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது, 2002-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. ஆனால் சாகப்போகிறவர் கொடுக்கும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? அந்தக் கேள்வியை எந்த நீதிமன்றமும் ரத்து செய்ய முடியாது.

ஸ்வீட்டிடம் பணியாற்றிய ஹடனாகா ஜப்பான் திரும்பி, 1968-ல் வேறொரு போரான் சேர்மத்தோடு மீண்டும் தொடங்கினார். விடாப்பிடியான மனிதர். அந்த நாடுதான் 2020-ல், அறுவை செய்ய முடியாத தலை, கழுத்துப் புற்றுக்கு இந்த முறையை அங்கீகரித்தது. இப்போது அணு உலை தேவையில்லை, துகள் முடுக்கி போதும். கதிரைச் செலுத்தும் நேரத்தை, ரத்தத்தில் போரான் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துதான் கணக்கிடுகிறார்கள்.