பட்டியும் பந்தியும்: ஆங்கில இறைச்சிப் பெயர்கள் பிரிந்த காலம்

ஆங்கிலத்தில் உயிருள்ள விலங்குக்கு ஒரு பெயரும் அதன் இறைச்சிக்கு வேறொரு பெயரும் வழங்குவதற்கு 1066ஆம் ஆண்டின் நார்மானிய வெற்றியே நேரடிக் காரணம் என்னும் விளக்கம், மொழி வரலாற்று நூல்களில் ஐயத்துக்கு அப்பாற்பட்ட செய்தியைப் போலவே இடம்பெற்று வருகிறது. பட்டியில் கால்நடை காத்த சாக்சன் குடியானவன் ஆக்ஸ், காஃப், ஷீப், ஸ்வைன் எனத் தன் சொற்களையே வழங்கினான் என்றும், பந்தியில் அமர்ந்து உண்ட நார்மானியப் பிரபு அவற்றின் இறைச்சியை பீஃப், வீல், மட்டன், போர்க் எனத் தன் பிரெஞ்சுச் சொற்களால் அழைத்தான் என்றும், இவ்விரு வழக்குகளும் அப்படியே இன்றுவரை நிலைத்துவிட்டன என்றும் அவ்விளக்கம் கூறும். ஆக்ஸ்ஃபோர்டில் வடிவியல் பேராசிரியராக இருந்த ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலேயே இதன் வித்து உள்ளது. 1819இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் ‘ஐவன்ஹோ’ புதினத்தில் விதூஷகன் வாம்பா, பன்றி மேய்க்கும் கர்த்திடம் இதையே கேலியாக எடுத்துரைத்த பின்னர் அது உலகறிந்த செய்தியாயிற்று. இச்சொற்கள் பிரெஞ்சிலிருந்து வந்தவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. வந்த நாளிலேயே அவை இறைச்சியை மட்டும் குறித்தன என்பதே இங்கு மறுக்கப்படுகிறது.

மறுப்புக்கு முதல் காரணம் பிரெஞ்சு மொழியிலேயே இருக்கிறது. இச்சொற்களின் பிரெஞ்சு மூலங்கள் அன்றும் இன்றும் விலங்கு, இறைச்சி ஆகிய இரண்டையுமே குறிப்பன. பிரெஞ்சு பேசிய பிரபுவின் வாயில் இல்லாத ஒரு வேறுபாட்டை அவனே ஆங்கிலத்தில் விட்டுச்சென்றான் என்பது பொருந்தவில்லை. மேலும் பீஃப், மட்டன் ஆகிய சொற்கள் ஆங்கில எழுத்தில் ஏறத்தாழ 1300ஐ ஒட்டியே தலைகாட்டுகின்றன. ஐவன்ஹோவின் கதையோ 1194ஆம் ஆண்டில் நிகழ்வது. அக்கால ஆங்கில ஏடுகள் குறைவாகவே எஞ்சியுள்ளதால் இவ்விடைவெளியைத் தனிச் சான்றாகக் கொள்ள இயலாது என்பது உண்மையே.

ஆகவே வழக்கின் சான்றுக்கே செல்ல வேண்டியுள்ளது. அதில் பெரிதும் விவாதத்துக்கு உரியது ஷேக்ஸ்பியரின் ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தில், முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சியில் ஷைலாக் கூறும் கூற்று. மனிதனின் ஒரு பவுண்டு தசையைக் கடனுக்கு ஈடாகக் கேட்கும் அவன், அத்தசை மட்டன், பீஃப், வெள்ளாடு ஆகியவற்றின் தசையளவுக்கு மதிப்போ ஆதாயமோ தராது என்கிறான். இதை இறைச்சிக் கடைப் பட்டியலாகவே படிப்பது மரபாக இருந்துவருகிறது. ஆனால் கூற்றின் இலக்கண அமைப்பு அவ்வாறு படிக்க இடந்தரவில்லை. ‘தசை’ என்னும் பொருள்தரும் பெயர் முன்னே தனித்து நிற்க, மூன்று பெயர்களும் அதனோடு ஆறாம் வேற்றுமை உறவில், பன்மை வடிவில், ஒரே வரிசையில் வருகின்றன. மட்டன் என்பதே இறைச்சி என்றால் ‘இறைச்சியின் தசை’ என்று கூறியது கூறலாக முடியும். இறைச்சியைப் பொருண்மைப் பெயராக வழங்கும்போது பன்மை விகுதிக்கும் இடமில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்றாவதாக நிற்கும் வெள்ளாடு ஐயமின்றி விலங்கின் பெயர். ஓரினமாக அடுக்கப்பட்டவற்றுள் இரண்டை மட்டும் தட்டுக்கும் ஒன்றைப் பட்டிக்கும் அனுப்புவது உரையாசிரியரின் வசதியே அன்றி மூலத்தின் கருத்தன்று.

ஷைலாக் அயலானாதலால் அவன் பேச்சைப் பிறழ்வழக்காகவே ஆசிரியர் அமைத்தார் என்று கூறுவோர் உண்டு. ‘நான்காம் ஹென்றி’யின் இரண்டாம் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப், இளமையில் வற்றிக் கிடந்த நீதிபதி ஷாலோவுக்கு இப்போது நிலமும் மாடுகளும் சேர்ந்துவிட்டதை எண்ணிப் பொருமும் இடத்தில், மாடுகளைக் குறிக்க வருவதும் இதே பீஃப் என்னும் சொல்லின் பன்மைதான். ஃபால்ஸ்டாஃபை அயலான் என்பார் எவரும் இலர். இவ்விரு நாடகங்களும் 1600ஆம் ஆண்டில் அச்சேறியவை என்பதால் சான்றுகள் ஒரே காலத்தவை.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் இன்னும் தெளிவான சான்று தருகிறது. எண்ணாகமத்தின் 31ஆம் அதிகாரத்தில் போர்க்கொள்ளையாகக் கிடைத்த 72,000 மாடுகள் இச்சொல்லாலேயே எண்ணப்படுகின்றன. சமைத்த இறைச்சியை யாரும் இவ்வாறு தலைக்கணக்கு எடுப்பதில்லை. விலக்கப்பட்ட பன்றியிறைச்சியைக் குறிக்கும் இடங்களிலோ போர்க் என்னும் சொல்லே வரவில்லை. ஸ்வைன் என்னும் நாட்டுச் சொல்லோடு தசை என்பதைச் சேர்த்தே மொழிபெயர்ப்பாளர்கள் எழுதினர். அம்மொழிபெயர்ப்பின் நடை அக்காலத்துக்கே பழமையானது என்ற தடை இங்கு எழுப்பப்படலாம். அது மெய்யானாலும், சான்று மேலும் முந்தைய காலத்துக்கு உரியதாகிறதே தவிர வலுவிழக்கவில்லை.

இறைச்சிப் பொருளும் தொடக்கத்திலிருந்தே உடன் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. சாசரின் வணிகன் கதையிலேயே முதிர்ந்த பீஃபும் இளைய வீலும் உணவாக ஒப்பிடப்படுகின்றன. எனவே நிகழ்ந்தது சிறப்புப் பொருட்பேறு, அதாவது பரந்த பொருளுடைய சொல் அதன் ஒரு கூற்றுக்கு மட்டும் உரியதாகக் குறுகுதல். ஒருபொருட் பன்மொழிகள் நெடுங்காலம் நிகராக நில்லாமல் பொருளைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் என மிஷேல் ப்ரேயால் 1897இல் வகுத்த பங்கீட்டு விதியும் இதையே எதிர்பார்க்கச் செய்கிறது. அப்பங்கீடு 18ஆம் நூற்றாண்டிலும் முற்றுப்பெறவில்லை என்பதற்கு சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி சான்று. மட்டனுக்குச் செம்மறியாடு என்ற பொருளையும் தந்துவிட்டு, அது இப்போது வேடிக்கைப் பேச்சில் மட்டுமே வழங்குவதாக அவர் குறிக்கிறார். பீஃபுக்கோ உணவுக்குரிய மாடு என்னும் பொருளை அத்தகைய குறிப்பின்றியே தருகிறார்.

பிரெஞ்சுச் சொல் ஏன் இறைச்சியின் பக்கம் ஒதுங்கியது என்ற வினா எஞ்சுகிறது. பிரெஞ்சுச் சமையலுக்கு ஆங்கிலேய மேட்டுக்குடியினரிடையே இருந்த மதிப்பு இதில் பங்காற்றியிருக்கலாம். அவ்வளவில் வாம்பாவின் கேலியில் ஓர் உண்மைத்துளி உண்டு. ஆயினும் ஆண்டானும் அடிமையும் என்ற பிரிவே முழு விளக்கமானால், பிரபுக்களின் பந்திக்கு உரிய இளம் ஆட்டிறைச்சி லாம்ப் என்ற சாக்சன் பெயரோடும், வாத்தினமான கூஸ் தன் பழம்பெயரோடும் தட்டுக்கு வந்தது எவ்வாறு என்பதற்கு விடையில்லை. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் கால்நடை வணிகத்தில் உயிருள்ள மாடுகளே பீஃப் என்பதன் பன்மையால் வழங்கப்பட்டதும், இந்தியச் சந்தையில் மட்டன் என்பது பெரும்பாலும் வெள்ளாட்டிறைச்சியைக் குறிக்கலானதும், இச்சொற்களின் பொருளை வகுப்பதில் வெற்றிகொண்ட வாளைவிட விற்பனைத் தராசுக்கே செல்வாக்கு மிகுதி எனக் காட்டுகின்றன. ஆகவே, ஷேக்ஸ்பியருக்கும் ஜான்சனுக்கும் இடைப்பட்ட ஒன்றரை நூற்றாண்டின் சந்தைக் கணக்குகளிலும் சமையல் நூல்களிலும்தான் பிரிவின் காலத்தைத் தேட வேண்டும்; 11ஆம் நூற்றாண்டுப் போர்க்களத்தில் அன்று.