பட்டியலில் இல்லாத தூசி

அஸ்பெஸ்டஸ் பற்றிக் கதை வந்தால் கட்டாயம் ஒருவர் சொல்லுவார்: "அந்தக் காலத்தில ஆருக்குத் தெரியும்?" நெருப்புப் பிடிக்காது, உக்காது, விலையும் குறைவு, அதனால் நம்பிப் போட்டார்கள், ஆபத்து பிறகுதான் தெரிய வந்தது என்பது அந்தக் கதை. வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் இந்தக் கதை நிற்காது. ஆபத்து ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தது. யாருடைய மூச்சைக் கணக்கில் எடுப்பது, யாரை வெளியே விடுவது என்பதில்தான் நூறு வருடம் போனது.

அஸ்பெஸ்டஸ் மண்ணுக்கு அடியிலிருந்து எடுக்கும் கனிமம். கல்தான், ஆனால் பஞ்சு மாதிரி நாராகப் பிரியும். அந்த நாரைத் துணியாக நெய்யலாம், சீமெந்தோடு கலந்து சீற் அடிக்கலாம். நார் உடைந்தால் கண்ணுக்குத் தெரியாத ஊசிகளாகி மூச்சோடு உள்ளே போகும். நுரையீரலால் அதைக் கரைக்கவும் முடியாது, முழுதாக வெளியேற்றவும் முடியாது. தழும்பு, புற்றுநோய் எல்லாம் பல வருடம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

1898 இல் இங்கிலாந்தின் முதல் பெண் தொழிற்சாலைப் பரிசோதகர்களில் ஒருவரான லூசி டீன், அஸ்பெஸ்டஸ் தூசியைப் பற்றித் தன் அறிக்கையில் எழுதினார். நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது அந்தத் துகள்கள் கண்ணாடிச் சில்லுப் போலக் கூராக இருந்தன என்றும், அது தொழிலாளரைப் பாதிக்கிறது என்றும் அதில் இருக்கிறது. அறிக்கை அச்சானது. அதோடு சரி.

அடுத்த வருடம் லண்டன் சாரிங் குறொஸ் வைத்தியசாலையில் மருத்துவர் மொன்டேகு மரேயிடம் ஒரு தொழிலாளி வந்தார். தன்னோடு ஒரே அறையில் வேலை செய்த பத்துப் பேரில் தான் மட்டுமே மிஞ்சியிருப்பதாகச் சொன்னார். 1900 இல் அவரும் இறந்தார். எந்தெந்தத் தொழில் நோய்களுக்கு நட்டஈடு கொடுக்கலாம் என்று ஆராய்ந்த அரசாங்கக் குழுவிடம் 1906 இல் மரே இதைச் சொன்னார். இப்போது தூசியைத் தடுக்க நல்ல ஏற்பாடு இருப்பதாகக் கேள்வி, அதனால் இனி இப்படி நடப்பது குறையும் என்றும் சேர்த்துச் சொன்னார். நட்டஈட்டுப் பட்டியலில் அஸ்பெஸ்டஸ் சேர்க்கப்படவில்லை.

அந்தப் பட்டியலின் விலையைக் கொடுத்தவர் நெல்லி கெர்ஷோ. ரோச்டேல் நகரத்தில் டேர்னர் பிரதர்ஸ் ஆலையில் அஸ்பெஸ்டஸ் நூல் நூற்றவர். 1922 இல் வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருந்துவிட்டார். 'அஸ்பெஸ்டஸ் நஞ்சு' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். சுகாதாரக் காப்புறுதிக்காரர் இது வேலையால் வந்த நோய், முதலாளியைக் கேள் என்றார்கள். முதலாளி, இப்படியொரு நோய் சட்டத்தின் பட்டியலிலேயே இல்லை என்று சொல்லிக் கையை விரித்தார். இரண்டு கதவும் பூட்டு. 1924 இல், 33 வயதில், நெல்லி இறந்தார். அவரது நுரையீரலைச் சோதித்த மருத்துவர் வில்லியம் குக் அதைப் பற்றி மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். 1927 இல் நோய்க்கு 'அஸ்பெஸ்டோசிஸ்' என்ற பெயரும் வந்தது.

அதன்பிறகுதான் அரசாங்கம் அசைந்தது. 1930 இல் மெரிவெதர் என்ற மருத்துவப் பரிசோதகர் 363 தொழிலாளர்களைச் சோதித்து, கால்வாசிப் பேருக்கு மேல் நுரையீரல் தழும்பு இருப்பதைக் காட்டினார். 1931 இல் சட்டவிதிகள் வந்தன. நல்ல விசயம்தானே? ஆனால் அவை ஆலைக்குள் நடக்கும் குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும். அதே சாமானைக் கப்பலிலும் கட்டடத்திலும் வெட்டிப் பொருத்தியவர்கள் கோட்டுக்கு வெளியே நின்றார்கள்.

கோடு ஆலை வாசலோடு நின்றாலும் தூசி நிற்கவில்லை. 1955 இல் ரிச்சர்ட் டோல், ஆலைத் தொழிலாளரிடையே நுரையீரல் புற்றுநோய் சுமார் பத்து மடங்கு அதிகம் என்று காட்டினார். 1960 இல் தென்னாபிரிக்காவில் வாக்னரும் கூட இருந்தவர்களும் மீசோதெலியோமா என்ற அரிய புற்றுநோய் 33 பேருக்கு வந்ததைப் பதிவு செய்தார்கள். அவர்களில் பலர் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களே இல்லை, சுரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்கள். 1965 இல் லண்டனில் நியூஹவுஸ், தொம்சன் இருவரும் செய்த ஆய்வில் இன்னொரு கூட்டம் தெரிய வந்தது: கணவனின் வேலை உடுப்பை உதறித் துவைத்த மனைவிமார். எந்தச் சம்பளப் பட்டியலிலும் அவர்களுடைய பெயர் இல்லை.

நீலமும் மண்ணிறமும் பிரித்தானியாவில் 1985 இலும், வெள்ளை அஸ்பெஸ்டஸ் 1999 இலும் தடையாயின. லூசி டீன் எழுதி 101 வருடம்.

சரி, எங்கட பக்கம்? இலங்கையில் நீல அஸ்பெஸ்டஸ் 1987 இல் தடை செய்யப்பட்டது. வெள்ளை தொடர்ந்து வந்தது, பெரும்பாலும் ரஷ்யாவிலிருந்து. அதற்கும் 2018 ஜனவரியிலிருந்து கட்டுப்பாடு வரும் என்று அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் ரஷ்யா, தேயிலைப் பொதியொன்றில் வண்டு கண்டதாகச் சொல்லி இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. சில நாட்களில் அரசு அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது, தேயிலையும் திரும்பப் போகத் தொடங்கியது. கொழுந்து பறிக்கிறவரின் சம்பளத்தையும் கூரை போடுகிறவரின் நுரையீரலையும் ஒரே தராசில் வைத்தார்கள். இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை.

வெள்ளை அஸ்பெஸ்டஸ் பாதுகாப்பானது என்று இன்றும் விற்கிறவர்கள் சொல்கிறார்கள். எல்லா வகையும் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. சும்மா கிடக்கும் நல்ல சீற் பெரிதாகத் தூசி விடாது. வெட்டும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும், பாசியைச் சுரண்டும்போதும்தான் நார் பறக்கும். வெட்டத்தான் வேண்டுமென்றால் நனைத்துவிட்டு, தகுந்த முகக்கவசத்தோடு வெட்ட வேண்டும். உடைந்த துண்டை விளக்குமாற்றால் கூட்டக்கூடாது.

இதையெல்லாம் நாங்கள் வாசித்துத் தெரிந்துகொள்ளலாம். கூரையில் ஏறி நிற்கிறவரிடம் யார் சொல்லுவது? முப்பது வருடம் கழித்து அவர் மூச்சு முட்டி வாட்டில் கிடந்தால், முன்பு என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்பார்களா? நெல்லி தன் முதலாளிக்குக் கடிதமாவது எழுதினார். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில் நாட்கூலிக்கு நின்றவர், யாருக்கு எழுதுவார்?