அடுத்த பாகம்: ஃபால்அவுட்டும் முத்தையாபுரமும்

தொடர்கதைகளின் வரலாறு என்று நாம் எழுதுவதெல்லாம் வெளிவந்தவற்றின் வரலாறே. வராத பாகத்துக்காகக் காத்துக்கிடந்த காலத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 'பொன்னியின் செல்வன்' 1954இல் முடிந்தபோது, பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று வாசகர்கள் விடாமல் கேட்டதால் கல்கி முடிவுரை ஒன்று எழுதி விடைகூற நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே அவர் மறைந்தார். கதை விடுபட்ட இடத்திலிருந்து விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை எழுதினார். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வுக்கு 'மீண்டும் ஜீனோ' பின்தொடர்ந்தது. அடுத்த பாகம் கேட்பது தமிழ் வாசகனுக்குப் புதிய பழக்கமன்று. இங்கே நாம் எடுத்துக்கொள்வது அதே பழக்கத்தின் அயல்நாட்டு உருவம் ஒன்றை: ஒரு கணினி விளையாட்டுத் தொடரை. விளையாட்டில் இலக்கியத்துக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம். உலகம் அழிந்தபின் எஞ்சியவர்கள் எப்படி வாழ்வார்கள் என்பதே அதன் பொருள். கடல்கோளுக்குப் பின் மறுபடியும் கூடியதாகச் சொல்லப்படும் சங்கங்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அது அவ்வளவு தொலைவான பொருளும் அன்று.

ஃபால்அவுட் என்ற சொல் அணுகுண்டு வெடித்தபின் வானிலிருந்து மண்ணில் வந்து படியும் கதிரியக்கத் தூசியைக் குறிப்பது. அப்பெயரிலான முதல் விளையாட்டை அமெரிக்காவின் இன்டர்பிளே நிறுவனம் 1997 அக்டோபரில் வெளியிட்டது. டிம் கெய்ன் அதன் முதன்மைப் படைப்பாளி. கதைப்படி 2077 அக்டோபர் 23ஆம் நாள் அணுப்போர் மூண்டு சில மணி நேரத்தில் உலகம் எரிந்து தீர்கிறது. நிலத்துக்கடியில் கட்டப்பட்ட அறைகளில் புகுந்தவர்களின் வழித்தோன்றல்கள் 2161இலும் அங்கேயே இருக்கிறார்கள். பதின்மூன்றாம் எண் நிலவறையில் குடிநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் சில்லு ஒன்று பழுதாகிறது. மாற்றுச் சில்லைத் தேடி ஒருவர் வெளியே அனுப்பப்படுகிறார். 150 நாள் கெடு. அதற்குள் திரும்பாவிடில் உள்ளே இருப்பவர்கள் தாகத்தால் மடிவர்.

இத்தொடரின் தனித்தன்மை அதன் காலக்குழப்பத்தில் இருக்கிறது. அதில் வரும் எதிர்காலம் நாம் கற்பனை செய்யும் எதிர்காலமன்று. 1950களின் அமெரிக்கர் கண்ட எதிர்காலம். அணுவால் ஓடும் கார், வால்வு வைத்த வானொலி, சிரித்த முகத்தோடு விளம்பரப் பலகையில் நிற்கும் குடும்பம். அந்தக் கனவு முழுவதும் நனவாகி, பிறகு அதே கனவின் தீயில் வெந்துபோன உலகம்.

இந்த உலகை முத்தையாபுரத்தில் நின்று பார்த்தால் சில விஷயங்கள் வேறுவிதமாகத் தெரிகின்றன. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் உப்பளங்களுக்கும் துறைமுகத்துக்கும் ஆலைகளுக்கும் நடுவே இருப்பது முத்தையாபுரம். பக்கத்திலேயே ஸ்பிக் உர ஆலை. அதன் அருகில் அணுசக்தித் துறையின் கனநீர் ஆலை 1978இல் இயங்கத் தொடங்கியது. உர ஆலைக்குப் போகும் வாயுவிலிருந்து டியூட்டீரியத்தைப் பிரித்தெடுத்து அணு உலைகளுக்கு வேண்டிய கனநீரைத் தயாரிப்பது அதன் பணி. கனநீர் உற்பத்தி பின்னாளில் நின்றுபோயிற்று. ஆனால் அணுவால் நாடு ஒளிபெறும் என்று நம்பிய ஒரு தலைமுறையின் கனவுக்கு இங்கேயும் கட்டடம் எழுப்பப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஜப்பானின் ஃபுகுஷிமா விபத்து நேர்ந்த 2011இல், இதே கடற்கரையின் தென்கோடியிலுள்ள இடிந்தகரையில் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக மீனவ மக்கள் உண்ணாநோன்பு இருந்ததும் அக்கனவின் மறுபக்கமே. தண்ணீரைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து ஆலைகளுக்குத் தாமிரபரணி நீரைக் கொண்டுவரும் 20 எம்.ஜி.டி. திட்டமும், அதன்மேல் விவசாயிகள் எழுப்பிய ஆட்சேபமும் மாவட்டம் அறிந்தவை. சுத்திகரிப்பு இயந்திரத்தின் ஒரு சில்லுக்காக ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும் கதை, கலிஃபோர்னியாக்காரனுக்குப் புனைவு. குடத்தோடு வரிசையில் நின்ற ஊர்க்காரனுக்கு அதில் கற்பனை குறைவு.

நிற்க. தொடரின் பிறப்பைக் கவனிப்போம். ஃபால்அவுட்டே நிறைவேறாத ஓர் அடுத்த பாகத்தின் பிள்ளை. இன்டர்பிளே உருவாக்கி, எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1988இல் வெளியிட்ட 'வேஸ்ட்லேண்ட்' என்ற விளையாட்டும் அணுப்போருக்குப் பிந்தைய பாலைநிலத்தைப் பற்றியதே. அதன் உரிமை வெளியீட்டாளரிடம் தங்கிவிட்டது. தொடர்ச்சி எழுத இன்டர்பிளேக்கு வழியில்லை. ஆகவே பெயரை மாற்றி, உலகத்தை மாற்றி, புதிதாக ஒன்றைச் செய்தார்கள். மூலப்படைப்பின் இரண்டாம் பாகம் என்னாயிற்று? பிரையன் ஃபார்கோ 2012இல் ரசிகர்களிடமே கையேந்தினார். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து ஏறத்தாழ 29 லட்சம் டாலர் கொடுத்தார்கள். 'வேஸ்ட்லேண்ட் 2' 2014இல் வந்தது. 26 ஆண்டுக் காத்திருப்பு!

ஃபால்அவுட்டின் இரண்டாம் பாகம் மறு ஆண்டே, 1998இல், வந்துவிட்டது. மூன்றாவதுதான் சோதனை. 'வான் பியூரன்' என்ற மறைபெயரில் அதை உருவாக்கிக்கொண்டிருந்த பிளாக் ஐல் பிரிவை, கடனில் தத்தளித்த இன்டர்பிளே 2003 டிசம்பரில் கலைத்துவிட்டது. அடுத்த ஆண்டு பெதஸ்டா நிறுவனம் உரிமம் பெற்றது. 2007இல் தொடரையே 57.5 லட்சம் டாலருக்கு வாங்கிக்கொண்டது. அப்போதைய ரசிகர்களின் மனநிலை நம் கவனத்துக்குரியது. மேலிருந்து பார்க்கும் காட்சி, முறைவைத்து ஆடும் சண்டை, கசப்பான நகைச்சுவை ஆகிய எதுவும் மாறக்கூடாது என்று அவர்கள் கோரினார்கள். அதாவது, அடுத்த பாகம் என்ற பெயரில் முந்தைய பாகத்தையே கேட்டார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. அழிந்த உலகத்தில் பழைய புகைப்படத்தைத் தேடியெடுத்துப் பாதுகாக்கும் பாத்திரங்களோடு பல ஆண்டுகள் கழித்தவர்கள் வேறெதைக் கேட்பார்கள்? 2008 அக்டோபர் 28 அன்று வெளிவந்த மூன்றாம் பாகம் பாத்திரத்தின் கண்வழியே உலகைக் காட்டியது. களமும் கலிஃபோர்னியாவிலிருந்து வாஷிங்டனுக்கு மாறியது. மாறாதது ஒன்றே: பொட்டோமாக் ஆற்றைக் குடிக்கத்தக்கதாக்கும் முயற்சியே இப்போதும் கதையின் மையம்.

இந்தியாவில் காத்திருந்தோர்க்கு அதுவும் இல்லை. 'பண்பாட்டு உணர்வுகளைக்' கருதி இவ்விளையாட்டை இந்தியாவுக்குக் கொண்டுவரப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அந்த அக்டோபரிலேயே அறிவித்துவிட்டது. எந்த உணர்வு என்று அது விளக்கவில்லை. பத்திரிகைகள் ஊகித்தவற்றுள் முதன்மையானது மாடு. கதிரியக்கத்தால் இரண்டு தலையோடு பிறக்கும் மாடுகள் இத்தொடரில் முதல் பாகத்திலிருந்தே உண்டு. அவற்றின் பெயர் 'பிராமின்'. அவற்றைச் சுட்டு வீழ்த்தவும் ஆடுபவரால் முடியும்.

இந்தப் பெயரின் பின்னாலுள்ள சங்கிலி சுவையானது. அமெரிக்காவில் 'பிராமன்' என்றொரு மாட்டினம் உண்டு. காங்கேயம் காளையைப் போலத் திமிலுடையது. 1850கள் தொட்டு அங்கே இறக்குமதியான கிர், காங்க்ரேஜ், ஓங்கோல் முதலிய இந்திய மாடுகளைக் கலந்து வளர்த்த இனம். அதற்கென வளர்ப்போர் சங்கம் ஒன்று 1924இல் ஏற்பட்டது. விளையாட்டின் இருதலை மாடு அப்பெயரின் திரிபு என்று ரசிகர்கள் விளக்குவர். ஆந்திரக் கரையிலிருந்து கப்பலேறிய மாடு, டெக்சாஸில் பெயர் மாறி, கலிஃபோர்னியாக் கற்பனையில் தலை ஒன்று கூடி, நூற்றைம்பது ஆண்டுக்குப்பின் தாய்நாட்டுத் துறைமுகத்தில் இறங்க அனுமதியின்றி நின்றது. இத்தொடரில் இந்தியாவின் பங்கென்று நமக்குத் தெரிவது ஏறக்குறைய இவ்வளவே. அறிவிப்பால் விளையாட்டு இங்கே ஆடப்படாமல் போனதா என்றால், இல்லை. உரிமம் பெற்ற தட்டை விலைகொடுத்து வாங்கியவர்கள் அன்று எத்தனை பேர்? நேர்வழியில் வாங்க நினைத்தவனையே அது தண்டித்தது என்பது நம் கருத்து. இன்னொரு வேடிக்கையும் உண்டு. பெதஸ்டாவின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்குவதாக 2020இல் அறிவித்து, 2021 மார்ச்சில் வாங்கி முடித்தது அதே மைக்ரோசாஃப்ட். இந்தியர்க்கு ஆகாதென்று விலக்கிய பண்டத்துக்கு இன்று அதுவே உரிமையாளர்.

பின்னர் வந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். பழைய பிளாக் ஐல்காரர்கள் சிலர் அப்சிடியன் என்ற நிறுவனத்திலிருந்து 2010இல் கொடுத்த 'நியூ வேகஸ்' கைவிடப்பட்ட வான் பியூரனின் எலும்புகளைக் கொண்டு கட்டியது. ரசிகர் பலரும் தலைமேல் வைத்துக் கொண்டாடுவது அதையே. நான்காம் பாகம் 2015இல் வந்தது. பலர் சேர்ந்தாடும் '76' 2018இல் வந்து வசைகளை வாங்கிக்கட்டிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அமேசான் வெளியிட்ட தொலைக்காட்சித் தொடரும் 2025 டிசம்பரில் தொடங்கிய அதன் இரண்டாம் பருவமும் புதிய கூட்டத்தை உள்ளே கொண்டுவந்தன. ஐந்தாம் பாகம்? 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' தொடரின் ஆறாம் பாகத்துக்குப் பிறகே அது என்று டாட் ஹோவர்ட் 2022இல் கூறினார். அந்த ஆறாம் பாகமோ 2018இல் அறிவிக்கப்பட்டு, 2025 முடியும்வரை வெளிவரவில்லை. நான்காம் பாகத்தை மாணவனாக ஆடியவன் ஐந்தாம் பாகத்தைத் தன் பிள்ளையோடு சேர்ந்து ஆடும்படி நேரலாம்.

இத்தகைய காத்திருப்பை எங்கள் கரை முன்பே அறியும். மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பி படியும் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்பர். தொல்லாயிரம் பார் அவற்றுள் பெயர்பெற்றது. ஆங்கில ஆட்சிக் காலத்தில் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, சிப்பிகளை மாதிரிக்கு எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துகளை மதிப்பிட்டு, குளிப்பு நடத்தலாமா என்று தீர்மானிப்பார்கள். நடத்தலாம் என்று அறிவிப்பு வந்தால் குளிகாரரும் வணிகரும் கரையில் குவிவர். சென்ற முறை செழித்திருந்த பார் அடுத்த சோதனையில் வெறும் மணலாகக் கிடப்பதும் உண்டு. பல ஆண்டு இடைவெளிகள் இயல்பானவை. 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1961க்குப் பிறகு நடக்கவேயில்லை. அடுத்த குளிப்பு என்று பேசிக்கொண்டே ஒரு தலைமுறை மூத்தது. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி சிப்பிக்குள் கருவைப் பொருத்தி முத்தை வளர்த்துக் காட்டினார். கடல் தராததைக் கை செய்தது. அது பழைய குளிப்பன்று. சோதனை முடிவுக்காகத் திரண்ட கூட்டம் இதற்குத் திரளவில்லை. ஆயினும் முத்து முத்துதான்.

ஃபால்அவுட் ரசிகர்களிடமும் இப்போது இப்படியொரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. அமெரிக்காவுக்கு வெளியே கதையை நகர்த்த வேண்டும் என்பது அவர்களின் பழைய ஆசைகளுள் ஒன்று. அமெரிக்கத்தன்மையே இத்தொடரின் உயிர், பிற நாடுகளில் என்ன நடந்ததென்பது மர்மமாக இருப்பதே நன்று என்ற பொருள்பட ஹோவர்ட் 2024இல் மறுத்துவிட்டார். அந்த ஜூலையிலேயே பிரிட்டனை மையமாகக் கொண்ட ரசிகர் குழு ஒன்று 'ஃபால்அவுட்: லண்டன்' என்பதை இலவசமாக வெளியிட்டது. நான்காம் பாகத்தின் இயந்திரத்தையே எடுத்துக்கொண்டு, ஊதியமின்றிப் பல ஆண்டுகள் உழைத்து, முழுநீள விளையாட்டு ஒன்றின் அளவுக்குத் தங்கள் நகரத்தை அழித்துக் கட்டியிருந்தார்கள். அது ஏப்ரலில் வந்திருக்க வேண்டியது. மூலவிளையாட்டுக்குப் பெதஸ்டா திடீரென விட்ட புதுப்பிப்பு அதைத் தள்ளிவைத்தது.

ஹோவர்டின் வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் அணுக்கனவு அமெரிக்கர்க்கு மட்டும் உரியது என்ற அதன் அடிப்படையை, கனநீர் ஆலையின் நிழலிலுள்ள ஓர் ஊர் ஒப்புக்கொள்ள இயலாது. 'இந்தியாவில் ஒரு ஃபால்அவுட்' என்று இங்குள்ள இளைஞர்கள் பேசும்போது இருதலை மாட்டோடு நகைச்சுவை நின்றுவிடுகிறது. அப்படி ஒன்றை எழுதத் துணிபவர் முதலில் இக்கரையின் அழிவுகள் எவ்வகையின என்று பார்க்க வேண்டும். கொற்கை கடல் விலகியதால் துறைமுகம் என்ற பெயரை இழந்தது. அதன் இடத்தைப் பிடித்த பழையகாயலும் அவ்வாறே உள்நாட்டு ஊராயிற்று. தூத்துக்குடி அந்த வரிசையில் பிந்தியது. முத்தையாபுரத்திலிருந்து திருச்செந்தூர்ச் சாலையில் போனால் பழையகாயலைக் கடந்துதான் போக வேண்டும். அச்சாலையில் இன்னும் தெற்கே இருக்கும் காயல்பட்டினத்தில் 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டமே தீவுகளாயிற்று. சுற்றிலும் வெள்ளம் நிற்க, மொட்டைமாடிகளில் இருந்தவர்கள் கேட்டது குடிதண்ணீர்.