மஞ்சட்காணியும் இரண்டு அனுமானங்களும்

ஐதராபாத்தைத் தலைநகராகக் கொண்டு 1956இல் உருவான ஆந்திரப் பிரதேசம், இரண்டே ஆண்டுகளில் வரதட்சணைக்கு எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. நாடாளுமன்றத்தின் வரதட்சணைத் தடைச் சட்டம் 1961இல்தான் வந்தது. அச்சட்டம் வாங்கியவரோடு கொடுத்தவரையும் குற்றவாளியாக்கியது. மகளைப் பறிகொடுத்த தந்தை, தாம் கொடுத்ததை எந்தத் துணிவில் நீதிமன்றத்தில் சொல்வார்?

வீட்டுக்குள் நிகழும் சாவைக் கண்டவர்கள் பெரும்பாலும் புகுந்த வீட்டாரே. அவர்கள் வாய் திறப்பதில்லை. இந்த முட்டுக்கட்டையை நீக்கவே சாட்சியச் சட்டத்தில் இரண்டு அனுமானங்கள் புகுந்தன. திருமணமான ஏழு ஆண்டுகளுக்குள் கொடுமைக்குள்ளான மனைவி தற்கொலை செய்துகொண்டால், கணவரோ அவருடைய உறவினரோ அதற்குத் தூண்டியதாக நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றது 1983இல் சேர்ந்த 113-ஏ. வரதட்சணை கேட்டு இறப்புக்குச் சற்று முன்பு துன்புறுத்தியது மெய்ப்பிக்கப்பட்டால், வரதட்சணை மரணத்தை விளைவித்ததாக அனுமானித்தே ஆகவேண்டும் என்றது 1986இல் சேர்ந்த 113-பி. முன்னது நீதிபதியின் விருப்புரிமை, பின்னது கட்டளை.

இவ்வேறுபாட்டின் கனத்தை 2002 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆந்திர வழக்கொன்று காட்டுகிறது. தந்தை மகளுக்குத் திருமணத்தின்போது நிலம் கொடுத்திருந்தார். தெலுங்கில் அது பசுப்பு குங்குமம், தமிழ்நாட்டில் மஞ்சட்காணி. நிலத்தைத் தம் பெயருக்கு மாற்றித் தரும்படி கணவர் நெருக்கினார். கிராம அஞ்சலகப் பொறுப்பில் இருந்த அவர், மனைவிக்கு வந்த கடிதங்களையும் மறைத்து வைத்தார். அவற்றைக் கண்டெடுத்த மனைவி தந்தையிடம் சேர்ப்பித்தார். பின்னர் வீட்டைவிட்டு விரட்டப்பட்ட அவர் நஞ்சருந்தி இறந்தார்.

விசாரணை நீதிமன்றமும் ஐதராபாத் உயர் நீதிமன்றமும் கொடுமைக் குற்றத்தை மட்டுமே ஏற்றன. நிலம் சீதனமாக முன்பே மனமுவந்து கொடுக்கப்பட்டது, ஆகவே அதை எழுதிக் கேட்டது வரதட்சணைக் கோரிக்கையன்று என்பதை உச்ச நீதிமன்றமும் மறுக்கவில்லை. 113-பி கைவிட்டது. ஆயினும் 113-ஏ பிரிவைத் துணைக்கொண்டு, தற்கொலைக்குத் தூண்டிய குற்றத்துக்காகக் கணவரைத் தண்டித்தது. அப்பிரிவில் தனிக் குற்றச்சாட்டு வனையப்படவில்லை. எனினும் அதற்கான செய்திகள் முழுவதும் குற்றச்சாட்டில் இருந்தன, மறுக்க அவருக்கு வாய்ப்பும் இருந்தது என்பதே நீதிமன்றம் கூறிய காரணம். நுட்பமான தீர்ப்புதான். ஆனால் மஞ்சட்காணியை மிரட்டிப் பறிப்பதற்கும் புதிதாகப் பணம் கேட்பதற்கும் இடையே சட்டம் கண்ட வேற்றுமையை இறந்தவர் உணர்ந்திருக்க வழியில்லை. வரதட்சணை மரணத்துக்குக் குறைந்தது ஏழாண்டுச் சிறை. தூண்டுதலுக்கு அத்தகைய கீழ்வரம்பு கிடையாது.

வரதட்சணை என்ற சொல்லை விரித்துப் பொருள்கொள்ளவேண்டும் என்ற குரல் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்திலிருந்தே வந்தது. மத்தியப் பிரதேச வழக்கில், வீடு கட்டப் பணம் கேட்டதும் வரதட்சணையே என்று மூவர் அமர்வு தீர்ப்பளித்தது. அமர்வில் இருந்த என்.வி. ரமணா, ஹிமா கோலி இருவரும் முன்னர் ஐதராபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகளாய் அமர்ந்தவர்கள்.

2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் அவ்விரு பிரிவுகளும் 117, 118 என எண் மாறின. ‘அனுமானிக்கலாம்’, ‘அனுமானிக்கவேண்டும்’ என்ற சொற்கள் மாறவில்லை.