ஊவாத் தேநீரின் வரலாறு

பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை என விரிந்து கிடக்கும் ஊவா மலைச்சாரலில் விளையும் தேயிலை, உலகச் சந்தையிலே தனிப்பெயர் பெற்றது. அப்பெயர் எவ்வாறு வந்ததென்பது நேயர்கள் அறியத்தக்க வரலாறாகும்.

இம்மலைகளில் முதலிற் செழித்தது கோப்பி. 1869 ஆம் ஆண்டில் ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளில் ஒருவகைத் துருநோய் காணப்பட்டது. சில ஆண்டுகளுள் அந்நோய் தீவு முழுவதும் பரவிக் கோப்பிப் பயிரை அழித்தது. கண்டிக்கு அருகேயுள்ள லூல்கந்துரையில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிடத் தொடங்கிய தேயிலை, கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகைவண்டிப் பாதை பதுளையை எட்டியது.

தேயிலையோடு மக்கள் வாழ்வும் மாறிற்று. கோப்பிப் பழம் பறிப்பது சில மாத வேலை. அது முடிந்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்தோரிற் பலர் ஊர் திரும்பினர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்ப்பது. ஆகவே குடும்பம் குடும்பமாக லயங்களிலே நிலைத்துத் தங்கினர்.

ஊவாவின் சிறப்புக்குக் காற்றே முதற்காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சாரல்களில் மழையைக் கொட்டிவிட்டு, மலைகளைக் கடந்து உலர்ந்த காற்றாக ஊவாவில் இறங்குகிறது. யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் இதனைக் கச்சான் என்பர். பகலில் வறட்சி, இரவில் குளிர். செடியின் வளர்ச்சி குன்றுகிறது, கொழுந்தில் மணப்பொருள்கள் மிகுகின்றன. பச்சிலைத் தைலத்தை நினைவூட்டும் குளிர்ந்த நறுமணம் அப்பருவத் தேயிலைக்கே உரியது. பால் கலந்தாலும் அதன் சுவை மங்குவதில்லை.

பிரான்சு தேசத்தின் பர்கண்டிப் பகுதியிலே ஷாப்ளி என்னும் ஊரின் வெள்ளைத் திராட்சை மதுவும் இத்தகையதே. பழங்காலக் கடற்சிப்பிகள் படிந்த சுண்ணாம்பு மண்ணில் அத்திராட்சை விளைகிறது. அம்மதுவைப் பச்சைச் சிப்பியோடு அருந்துவது அந்நாட்டார் வழக்கம். மதுவின் புளிப்பு, சிப்பியின் உவர்ப்புக்குத் துணையாகிறது.

ஊவாத் தேநீருக்கும் உணவுத்துணை உண்டு. ஆங்கிலேயர் பால் சேர்த்து, வெண்ணெய் தடவிய பாணோடு அருந்தினர். லயங்களிலோ தேங்காய்ப்பூ கலந்து தட்டிச் சுட்ட கோதுமை ரொட்டி, மிளகாயும் வெங்காயமும் இடித்த சம்பல், அதனோடு வெறுந் தேத்தண்ணீர். தேங்காயின் கொழுப்பைத் தேநீரின் துவர்ப்பு அகற்றி வாயைத் தெளிவாக்குகிறது. சீனி அருமையான வேளையில், கித்துள் கருப்பட்டியைச் சிறிது கடித்துக்கொண்டு தேநீரைப் பருகுவர். இனிப்பும் துவர்ப்பும் நாவிலே சந்திக்கின்றன. இது வறுமையிற் பிறந்த வழக்கமாயினும் சுவையறிவு குறைந்த வழக்கமன்று. ஆனால் நயமான பருவத் தேயிலை கொழும்பு ஏல விற்பனைக்குச் சென்றது. லயத்துக் கேத்தலில் கொதித்தது பெரும்பாலும் தோட்டத்தில் கொடுத்த தூள்.

ஷாப்ளி என்னும் ஊர்ப்பெயருக்கு 1938இல் பிரெஞ்சுச் சட்டம் காவல் தந்தது. ஊவா என்னும் பெயரும் இன்று இலங்கைத் தேயிலையின் ஏழு பிரதேசப் பெயர்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. இலைக்குக் கிடைத்த இவ்வுரிமை, அதனைப் பறித்த கைகளுக்கு எளிதிற் கிடைக்கவில்லை. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. படிப்படியாகச் சிலர் உரிமை பெற்றனர். எஞ்சியோர்க்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. தேயிலை எந்த மண்ணுக்குரியது என்பதில் உலகம் ஒருபோதும் ஐயுறவில்லை. அம்மண்ணிலேயே பிறந்து கொழுந்து பறித்தவர், தாம் எந்நாட்டவர் என்பதற்கு விடை பெற ஐம்பத்தைந்து ஆண்டுகள் காத்திருந்தனர். ஊவாத் தேநீரின் மணத்தைப் போற்றுவோர் இவ்வரலாற்றையும் சேர்த்தே நினைத்தல் முறையாகும்.