கோடாக்குரோம்

கோடாக்குரோம் என்பது அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனம் 1935 முதல் 2009 வரை தயாரித்து விற்ற வண்ணப் படச்சுருள் ஆகும். இது எதிர்ப்படம் வழியாகத் தாளில் அச்சிடப்படும் வகையைச் சேர்ந்தது அல்ல. படச்சுருளே உருத்துலக்கப்பட்டு, ஒளி ஊடுருவும் நேர்ப்படமாக மாறும். அதனைத் துண்டுகளாக வெட்டி அட்டைச் சட்டத்தில் பொருத்தினால் சிலைடு எனப்படும் படவில்லை கிடைக்கும். திரைவீழ்த்தி மூலம் படவில்லைகள் சுவரிலோ திரையிலோ பெரிதாகக் காட்டப்பட்டன.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த கேளிக்கைப் பூங்காக்கள், ஹாலிவுட் நடிகர்கள், நெடுஞ்சாலைப் பயணங்கள் ஆகியவற்றின் வண்ண ஒளிப்படங்களுள் இன்றும் நிறம் மங்காமல் இருப்பவற்றில் பெரும்பங்கு கோடாக்குரோமில் எடுக்கப்பட்டவையே. அக்காலத்தை நேரில் காணாதவர்களுக்கும் அதன்மீது ஏற்படும் ஏக்கத்திற்கு இப்படச்சுருளின் வேதியியல் ஒரு முக்கியக் காரணமாகும்.

வரலாறு

கோடாக் நிறுவனம் 1915ஆம் ஆண்டிலேயே ஜான் கேப்ஸ்டாஃப் உருவாக்கிய இருநிற முறை ஒன்றிற்குக் கோடாக்குரோம் என்னும் பெயரைச் சூட்டியிருந்தது. பின்னாளில் புகழ்பெற்ற கோடாக்குரோம் அதிலிருந்து வேறுபட்ட மூநிற முறையாகும்.

இதனைக் கண்டுபிடித்தவர்கள் இருவர். ஒருவர் லியோபோல்ட் மேனஸ் (1899–1964), மற்றொருவர் லியோபோல்ட் கொடாவ்ஸ்கி (1900–1983). மேனஸ் பியானோ கலைஞர், கொடாவ்ஸ்கி வயலின் கலைஞர். இருவரும் பள்ளிப் பருவத்திலிருந்தே வண்ண ஒளிப்பட ஆய்வில் ஈடுபட்டு வந்தனர். கோடாக் ஆய்வுக்கூடத் தலைவர் கென்னத் மீஸ் அவர்களது முயற்சிக்கு ஆதரவளித்தார். 1930இல் இருவரும் ரோச்செஸ்டர் நகரிலுள்ள அந்த ஆய்வுக்கூடத்தில் பணியில் சேர்ந்தனர். கடிகாரத்தைப் பார்க்க இயலாத இருட்டறையில், தாங்கள் நன்கறிந்த இசைப்பகுதிகளைச் சீழ்க்கையடித்து அவர்கள் நேரத்தைக் கணக்கிட்டதாகக் கூறப்படுகிறது.

1935இல் 16 மி.மீ. திரைப்படச் சுருளாகக் கோடாக்குரோம் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டில் 8 மி.மீ. திரைப்படச் சுருளும், 35 மி.மீ. ஒளிப்படச் சுருளும் வெளிவந்தன. தொடக்ககால உருத்துலக்கு முறையில் உருவான நிறங்கள் நிலைக்கவில்லை. 1938இல் முறை மாற்றியமைக்கப்பட்ட பின்னரே கோடாக்குரோமின் நிறங்கள் நீடித்து நிற்கத் தொடங்கின. 1961இல் கோடாக்குரோம் 2, 1974இல் கோடாக்குரோம் 25 மற்றும் 64, 1986இல் கோடாக்குரோம் 200 ஆகிய வகைகள் அறிமுகப்படுத்தப்பட்டன.

செயற்படும் முறை

கோடாக்குரோம் அடிப்படையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்ட மூன்று கருப்பு வெள்ளைப் படலங்களைக் கொண்டது. மேற்படலம் நீல ஒளியையும், நடுப்படலம் பச்சை ஒளியையும், அடிப்படலம் சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும். படச்சுருளில் நிறம் தரும் வேதிப்பொருள் எதுவும் இராது. உருத்துலக்கும்போதுதான் நிறங்கள் சேர்க்கப்படும். 1974இல் அறிமுகமான கே-14 முறையின் முக்கியப் படிகள் பின்வருமாறு:

1. முதலாம் உருத்துலக்கி, ஒளிபட்ட இடங்களில் வெள்ளியாலான எதிர்ப்படத்தை உருவாக்கும்.
2. சுருளின் அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு ஒளி பாய்ச்சப்படும். பின்னர் அடிப்படலத்தில் சியான் சாயம் உருவாக்கப்படும்.
3. மேற்பக்கத்திலிருந்து நீல ஒளி பாய்ச்சப்படும். பின்னர் மேற்படலத்தில் மஞ்சள் சாயம் உருவாக்கப்படும்.
4. எஞ்சிய நடுப்படலத்தில் வேதிமுறையில் மெஜந்தா சாயம் உருவாக்கப்படும்.
5. வெள்ளி முழுவதும் வெளுக்கப்பட்டு நீக்கப்படும். சாயங்களால் ஆன படம் மட்டுமே எஞ்சும்.

வெப்பநிலை, கரைசலின் செறிவு, நேரம் ஆகியவற்றில் சிறு பிழை நேர்ந்தாலும் நிறம் பிறழ்ந்துவிடும். எனவே வீட்டு இருட்டறையில் இதனைச் செய்ய இயலாது. தொடக்கத்தில் படச்சுருளின் விலையிலேயே உருத்துலக்கும் கட்டணமும் அடங்கியிருந்தது. பயன்படுத்திய சுருளைக் கோடாக் நிறுவனத்திற்கு அனுப்ப வேண்டும். இது போட்டியைத் தடுக்கிறது என்று அமெரிக்க அரசு தொடுத்த வழக்கில், 1954இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி கோடாக் அந்நாட்டில் இரண்டையும் தனித்தனியே விற்க வேண்டியதாயிற்று.

நிறங்கள் நிலைத்திருப்பதற்கான காரணம்

ஆக்ஃபாகலர், எக்டாகுரோம் போன்ற பிற வண்ணச் சுருள்களில் சாயத்தை உருவாக்கும் இணைப்பிகள் சுருளிலேயே கலக்கப்பட்டிருக்கும். இதனால் உருத்துலக்குவது எளிது. ஆனால் வினைபுரியாமல் எஞ்சும் இணைப்பிகள் படத்திலேயே தங்கி, காலப்போக்கில் கறையை உண்டாக்கலாம். கோடாக்குரோமில் இணைப்பிகள் வெளியிலிருந்து கரைசலாக வந்து, கழுவும்போது வெளியேறிவிடுகின்றன. அதன் சாயங்களும் இருளில் மிகவும் நிலைப்புத்தன்மை கொண்டவை. எனவே அறையின் மூலையில் பெட்டியில் கிடந்த 1950களின் படவில்லை அண்மையில் எடுக்கப்பட்டது போலத் தோன்றுகிறது.

எனினும் ஒளியில் இதன் நிலைப்புத்தன்மை குறைவு. அடிக்கடி திரைவீழ்த்தியில் காட்டப்பட்ட படவில்லைகள் எக்டாகுரோமைக் காட்டிலும் விரைவாக மங்கும். ஒரு குடும்பம் மிகவும் விரும்பித் திரும்பத் திரும்பப் பார்த்த படங்கள் வெளிறிப்போக, எவரும் பாராத படங்கள் முழு நிறத்துடன் தப்பியிருப்பது இதன் விளைவாகும்.

பயன்பாடு

கேளிக்கைப் பூங்காக்கள்

கலிபோர்னியாவின் அனகைம் நகரில் 1955 சூலை 17 அன்று டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. அதன் முதன்மைத் தெருவில் கோடாக் நிறுவனத்தின் ஒளிப்படக்கருவிக் கடை அமைந்திருந்தது. பூங்காவுக்கு வந்தோர் எடுத்த படவில்லைகள், பின்னர் அகற்றப்பட்ட பல அமைப்புகளின் வண்ணப் பதிவுகளாக உள்ளன. நெகிழியால் கட்டப்பட்ட எதிர்கால வீடு (1957–1967), ஸ்கைவே என்னும் கம்பிவட ஊர்தி (1956–1994), பீப்பிள்மூவர் (1967–1995) ஆகியன அவற்றுள் சில.

சுற்றுலா இடங்களில் விற்கப்பட்ட ஆயத்தப் படவில்லைகள் பல, நிலைப்புத்தன்மையற்ற பிரதிச் சுருளில் அச்சிடப்பட்டமையால் செந்நிறமாக மாறிவிட்டன. 1939இல் அறிமுகமான வியூமாஸ்டர் முப்பரிமாணப் படவட்டுகளிலும் இவ்வேறுபாட்டைக் காணலாம். கோடாக்குரோமில் அமைந்த பழைய வட்டுகளின் நிறம் நன்றாக உள்ளது. 1970களின் பிற்பகுதியில் வேறு சுருளுக்கு மாறிய பின் வெளிவந்த வட்டுகள் பல சிவந்துவிட்டன.

ஹாலிவுட்

ஹாலிவுட்டின் பெரிய வண்ணத் திரைப்படங்கள் 1930களிலும் 1940களிலும் டெக்னிகலர் நிறுவனத்தின் மூன்று சுருள் படக்கருவியால் எடுக்கப்பட்டன. அக்கருவி பெரியது, கனமானது. வெளிப்புறக் காட்சிகளுக்காகக் கோடாக்குரோமை அடிப்படையாகக் கொண்ட மோனோபேக் என்னும் ஒற்றைச் சுருள் 1940களில் பயன்படுத்தப்பட்டது. தண்டர்ஹெட், சன் ஆஃப் ஃபிளிக்கா (1945) திரைப்படம் முழுவதும் இச்சுருளில் எடுக்கப்பட்டதாகும். இயக்குநர் ஜான் ஃபோர்டின் தி பேட்டில் ஆஃப் மிட்வே (1942) என்னும் போர் ஆவணப்படம் 16 மி.மீ. கோடாக்குரோமில் எடுக்கப்பட்டது.

1950இல் வந்த ஈஸ்ட்மன்கலர் சுருள் மலிவானது, எளிதானது. ஆனால் அதில் அச்சிடப்பட்ட திரைப்படப் படிகள் சில பத்தாண்டுகளிலேயே இளஞ்சிவப்பாக மாறின. இதனை எதிர்த்து இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசி 1980இல் இயக்கம் நடத்தினார். பல கோடி மக்கள் கண்ட திரைப்படத்தின் படிகள் நிறமிழந்து நிற்க, அதே ஆண்டில் ஒரு சுற்றுலாப் பயணி எடுத்த படவில்லை நிறம் மாறாதிருப்பது இதனால் நிகழ்ந்ததே.

பயணம்

1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் நோர்கேயை எட்மண்ட் ஹிலாரி எடுத்த புகழ்பெற்ற படம் கோடாக்குரோமில் பதிவானது. நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் 1930களின் பிற்பகுதி முதல் இச்சுருளைப் பெருமளவில் பயன்படுத்தியது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் வண்ணப் பாறைகள் நிறைந்த ஒரு பள்ளத்தாக்கிற்கு அவ்விதழ் 1949இல் கோடாக்குரோம் எனப் பெயர் வழங்கியது. அவ்விடம் இன்று கோடாக்குரோம் பேசின் மாநிலப் பூங்கா என்று அழைக்கப்படுகிறது. இதே இதழில் 1985 சூன் மாதம் வெளியான ஆப்கான் சிறுமியின் படத்தை ஸ்டீவ் மெக்கரி கோடாக்குரோமில் எடுத்திருந்தார்.

படங்கள் காட்டும் கடந்தகாலம்

கோடாக்குரோம் படங்களில் வானம் எப்போதும் நீலமாகவும், வெயில் எப்போதும் பளிச்சென்றும் இருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது விற்கப்பட்ட பகலொளிச் சுருளின் ஒளியுணர்திறன் ஏஎஸ்ஏ 10 மட்டுமே. நல்ல வெயிலில்கூட 1/50 நொடியும் எஃப்/6.3 துளை அளவும் தேவைப்பட்டன. எனவே மழை நாள்களும், மாலை வேளைகளும், வீட்டின் உட்பகுதியும் குறைவாகவே பதிவாயின. அழுத்தமான நிறங்களைப் பெறுவதற்காக 1950களில் நேஷனல் ஜியாக்ரஃபிக் ஒளிப்படக்கலைஞர்கள் படத்தில் இருப்போருக்குச் சிவப்பு உடை அணிவித்தனர். இப்பாணி கேலியாகச் சிவப்புச் சட்டைப் பள்ளி எனப்பட்டது.

மேலும், விலையுயர்ந்த வண்ணச் சுருளைப் பெரும்பாலான குடும்பங்கள் விடுமுறைக்கும் விழாக்களுக்குமே ஒதுக்கின. வேலைநாளையும் நோயையும் கடனையும் எவரும் படம் எடுக்கவில்லை. எனவே இப்படங்கள் பொய்யானவை அல்ல எனினும், முழுமையானவையும் அல்ல. இதற்கு மாறான எடுத்துக்காட்டாக, 1939க்கும் 1944க்கும் இடையில் அமெரிக்க அரசின் ஒளிப்படக்கலைஞர்கள் எடுத்த ஏறத்தாழ 1,600 வண்ணப் படங்களைக் குறிப்பிடலாம். அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ள இத்தொகுப்பில் பெரும்பாலும் கோடாக்குரோமில் பதிவான ஏழை உழவர்களும் ஆலைத் தொழிலாளர்களும் காணப்படுகின்றனர்.

உற்பத்தி நிறுத்தம்

எளிதில் உருத்துலக்கக்கூடிய சுருள்களும், பின்னர் எண்ணிமப் படக்கருவிகளும் பரவியதால் கோடாக்குரோமின் விற்பனை சரிந்தது. அதனை உருத்துலக்கும் ஆய்வுக்கூடங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. 2009 சூன் 22 அன்று கோடாக் நிறுவனம் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. இறுதியாகத் தயாரிக்கப்பட்ட சுருள்களில் ஒன்று ஸ்டீவ் மெக்கரியிடம் வழங்கப்பட்டது. அதன் 36 படங்களுள் நியூயார்க்கில் எடுத்த நடிகர் ராபர்ட் டி நிரோவின் படமும், இந்தியாவில் எடுத்த படங்களும் அடங்கும்.

உலகில் எஞ்சியிருந்த ஒரே கோடாக்குரோம் உருத்துலக்ககம் கன்சாஸ் மாநிலத்தின் பார்சன்ஸ் நகரிலிருந்த டுவெய்ன்ஸ் ஃபோட்டோ ஆகும். அது 2010 டிசம்பர் 30 வரை வந்த சுருள்களை மட்டுமே ஏற்றுக்கொண்டது. எந்தச் சிக்கலான முறை நிறங்களுக்கு நீண்ட வாழ்வைத் தந்ததோ, அதுவே படச்சுருளின் முடிவுக்கும் காரணமாயிற்று. கோடாக் 2018இல் எக்டாகுரோமை மீண்டும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கோடாக்குரோம் மீளவில்லை.

பாதுகாத்தல்

உருத்துலக்கப்படாத கோடாக்குரோம் சுருள்கள் பழைய படக்கருவிகளுக்குள்ளும் மேசை அறைகளிலும் இப்போதும் கண்டெடுக்கப்படுகின்றன. அவற்றை வணிக ஆய்வுக்கூடங்களில் கருப்பு வெள்ளைப் படங்களாக மட்டுமே துலக்க முடியும். அவற்றில் பதிந்த வண்ணம் கிட்டத்தட்ட மீட்க இயலாததாகிவிட்டது.

உருத்துலக்கப்பட்ட படவில்லைகளை இருளான, குளிர்ந்த, ஈரப்பதம் குறைந்த இடத்தில் வைப்பது நல்லது. ஈரப்பதம் மிகுந்தால் பூஞ்சை படரும். எண்ணிம வருடியில் படியெடுக்கும்போது அகச்சிவப்புக் கதிரால் தூசியை நீக்கும் வசதி, கோடாக்குரோமில் பெரும்பாலும் சரியாகச் செயற்படாது. ஆகவே வருடுமுன் தூசியை மென்மையாக அகற்ற வேண்டும். அட்டைச் சட்டத்தில் அச்சிடப்பட்டுள்ள மாதமும் ஆண்டும் உருத்துலக்கிய காலத்தைக் குறிப்பவை, படம் எடுத்த நாளைக் குறிப்பவை அல்ல. படத்தில் இருப்பவர் யார், இடம் எது என்னும் செய்திகளை அறிந்தவர் இருக்கும்போதே எழுதி வைப்பது இன்றியமையாதது. சாயம் நூறாண்டு நிலைத்தாலும், பெயர்களைப் படச்சுருள் பதிவு செய்வதில்லை.