மறிச்சுக்கட்டி மணலில் லெனாட் வூல்ஃப்

தலைமன்னாருக்கு ரயில் வந்தது 1914இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பு, மன்னார்த் தீவுக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கரையில் ஒரு நகரம் எழுந்து, சில வாரங்களில் மறைந்தது. முத்துச் சலாபம் என்றாலே அப்படித்தான். கடலடிப் பார்களில் சிப்பி முற்றிவிட்டது என்று அரசு அறிவித்ததும், ஆளில்லாத மணலில் ஓலைக் கொட்டில்களும் கடைத்தெருவும் முளைக்கும். 1906 பெப்ரவரியில் அங்கே கூடியவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல்: தமிழ்க் குளியாட்கள், பாரசீக வளைகுடாவின் அரேபியர், சிப்பி ஏலம் எடுக்க வந்த வியாபாரிகள். அவர்களைக் கட்டி மேய்க்க அனுப்பப்பட்ட சில அதிகாரிகளில் ஒருவர் இருபத்தைந்து வயது லெனாட் வூல்ஃப். பிற்பாடு எழுத்தாளர், பதிப்பாளர், வர்ஜீனியா வூல்ஃபின் கணவர்.

அவர் கொழும்பில் இறங்கியது 1904 டிசம்பரில். கொண்டுவந்த சொத்து வோல்டேரின் 90 தொகுதிகள், சார்ல்ஸ் என்ற கம்பிமயிர் டெரியர் நாய். அவர் வந்த கப்பலில் நாய்க்கு இடமில்லாததால் சார்ல்ஸ் வேறு கப்பலில் வந்து சேர்ந்தது. யாழ்ப்பாணக் கச்சேரியில் உத்தியோகம். யூதக் குடும்பத்துப் பிள்ளை என்றாலும் பதின்மூன்று பதினான்கு வயதிலேயே இறைநம்பிக்கையை விட்டவர்.

சலாபத்தில் இரவே பகல். விடியுமுன் கரைக்காற்றில் தோணிகள் பாருக்குப் போகும். பிற்பகலில் கடற்காற்றில் திரும்பும். கல்லைப் பற்றிக்கொண்டு மூழ்குபவரின் உயிர் மேலே கயிறு பிடிப்பவர் கையில். அரேபியர் மூக்கில் கவ்வி மாட்டுவார்கள். தமிழர் விரலால் பொத்திக்கொள்வார்கள். வந்த சிப்பியை மூன்று பங்கு வைத்தால் இரண்டு அரசுக்கு, ஒன்றுதான் மூழ்கியவர்களுக்கு. அரசின் பங்கு அன்றிரவே ஏலம் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டு, கழுவி, முத்துப் பொறுக்குவார்கள். அந்த நாற்றமும் ஈக்களும் வூல்ஃபின் எழுத்தை அரை நூற்றாண்டுக்குப் பிறகும் விடவில்லை.

இந்தக் கடலில் நம்பிக்கை மதத்தின் வேலியைத் தாண்டியே இருந்திருக்கிறது. சுறா கடிக்காமல் மந்திரத்தால் வாய்க்கட்டுப் போடும் கடல்கட்டி கரையில் இல்லாமல் குளியாட்கள் கடலில் இறங்க மாட்டார்கள். இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் 1859இல் வெளியிட்ட நூலில், தாம் கண்ட கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று எழுதுகிறார். அதனால் அவருடைய மந்திரத்தின் மதிப்பு குறையவில்லை.

வூல்ஃபை நல்லவராக மட்டும் காட்டுவது நேர்மையாகாது. கைத்தடியால் அரேபியரை அடித்து ஒழுங்குபடுத்துவதாக, அந்தச் சலாபத்திலிருந்தே நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சிக்குக் கடிதம் எழுதியவர் அவர். அதே கரையை வைத்து 1921இல் வெளிவந்த ‘முத்துகளும் பன்றிகளும்’ என்ற கதையில், இறந்த அரேபியக் குளியாளுக்காகத் தோழர்கள் துயரப்படும் கண்ணியத்தின் முன் வெள்ளையரின் அகந்தை சிறுத்துப்போகிறது. தடியைப் பிடித்தவரே இதையும் எழுதினார். 1911இல் விடுப்பில் ஊருக்குப் போனவர் மறு ஆண்டு வேலையைத் துறந்தார். ஓகஸ்டில் வர்ஜீனியாவை மணந்தார். 1941இல் வர்ஜீனியா ஆற்றில் மூழ்கி உயிரை மாய்த்துக்கொண்டார். பின்னாளில் டிரெக்கி பார்சன்ஸ் என்ற ஓவியர் மீது கொண்ட அன்பு வூல்ஃபைக் கடைசிவரை தாங்கியது.

வூல்ஃபின் வீட்டில் நாய்கள் எப்போதும் இருந்தன. ஆனால் அவர் நாய்ப்பிரியத்தின் வேர் ஒரு கொடுமையில் இருக்கிறது. சிறுவயதில், பிறந்து ஒரு நாளான குட்டிகளை வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் கொல்லும் வேலை அவருக்கு வந்தது. கண் திறக்காத ஒரு குட்டி உயிருக்குப் போராடியபோது, அதுவும் தன்னைப் போலவே ‘நான்’ என்று உணரும் உயிர் என்பது அவருக்கு உறைத்தது. 1969இல், தன்வரலாற்றின் கடைசித் தொகுதியில், தம் அரசியலுக்கே இதை அடிப்படையாக வைக்கிறார். கடவுளை விட்டவர் இந்த ஒன்றை விடவில்லை.

1906இல் அரசு சலாபத்தை ஆண்டுக்கு 3,10,000 ரூபாய்க்கு ஒரு கம்பெனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் பார்களில் சிப்பி இல்லை, கம்பெனியும் கலைந்தது. வூல்ஃப் 1960இல் இலங்கைக்கு மறுபடி வந்து போனார். அடுத்த ஆண்டு வெளியான ‘வளர்தல்’ என்ற தன்வரலாற்றுத் தொகுதியில் மறிச்சுக்கட்டிப் பக்கங்கள் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அவற்றில் அரேபியரே மனிதர்களாக நிமிர்ந்து நிற்கிறார்கள். அதே கடலில் அதே கயிற்றை நம்பி மூழ்கிய தமிழர்கள் கூட்டமாக மட்டுமே தெரிகிறார்கள்.